துளசிமணியின் எட்டு மணி நேரம்

திருப்பூரில் கடைசித் தலையணைக் கடையை மூடி நாலு வருஷம் ஆகியும் நிகிலன் வீட்டில் ஒரு தலையணை இருந்தது. விருந்தாளி யாராவது வந்தால் அதை அவசரமாக வாஷிங் மெஷினுக்குள் திணித்து மூடிவிடுவார்கள். வீட்டில் ஒரு குடிகாரன் இருந்தால் மறைத்துவிடலாம். ஓடிப்போன தங்கை இருந்தால்கூட வெளிநாட்டில் இருக்கிறாள் என்று சொல்லிச் சமாளிக்கலாம். தினமும் ஒன்பது மணிக்குப் படுத்து, விடிந்து சூரியன் ஜன்னலுக்கு வந்த பிறகு எழுந்திருக்கிற மருமகளை எத்தனை நாளைக்குத்தான் மறைப்பது?

மற்ற எல்லாரும் தூக்கத்தை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. வருஷத்துக்கு ஒரு ஊசி. போட்டுக்கொண்டால் உடம்பு தூக்கம் கேட்காது. களைப்பு இல்லை, கண் எரிச்சல் இல்லை, கொட்டாவி இல்லை. மிச்சமாகிற எட்டு மணி நேரத்தில் வீணை கற்கலாம், பிள்ளைகளோடு ஆற்றங்கரையில் பந்து விளையாடலாம் என்றெல்லாம் விளம்பரத்தில் காட்டினார்கள். வீணை வாங்கின அப்பாவிகளும் உண்டு. ஒரு வருஷம் முடிவதற்குள் பனியன் கம்பெனிகள் அந்த எட்டு மணி நேரத்தை அலுங்காமல் எடுத்து மடியில் கட்டிக்கொண்டன. ஒரே ஆளுக்கு இரண்டு ஷிப்ட் என்பது சட்டமாகிவிட்டது. வீணைகள் எல்லாம் பரணில் ஏறின.

இன்னொன்றும் காணாமல் போனது. அதை யாரும் கவனிக்கவில்லை. சண்டை முற்றும்போது பெரியவர் யாராவது, "செரி, விடிஞ்சு பேசிக்கலாம், போய்ப் படுங்க" என்பார்களே, அந்தப் பேச்சு ஊரில் வழக்கொழிந்துவிட்டது. படுத்தால்தானே விடிவதற்கு? நிகிலனுக்கும் அவன் அண்ணன் ரோகித்துக்கும் ஒரு பொங்கலன்று காம்பவுண்டுச் சுவர் விஷயமாகத் தகராறு வந்தது. அவர்களைப் பொறுத்தவரை அந்தப் பொங்கல் இன்னும் முடியவில்லை. தெருவில் பாதி வீடுகளில் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். ஆரம்பித்த கோபத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க ஒரு ராத்திரி கிடைக்காமல் போனதுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் நிகிலன் பெண்டாட்டி துளசிமணிக்கு மட்டும் மருந்து பிடிக்கவில்லை. லட்சத்தில் ஒருத்தருக்கு அப்படி ஆகும் என்று சொல்லிக்கொண்டார்கள். அவள் நிகிலன் வேலை பார்க்கும் அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். மகள் இதழினி வயிற்றில் இருந்தபோது ஒருநாள் கம்பெனி டாக்டர் முன்னால் உட்கார்ந்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டாள். அந்த மனுஷன் கொட்டாவியைக் கண்ணால் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. பயந்துபோய் உடனே இரண்டாவது ஷிப்டிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து கம்பெனியில் அவளுக்கு 'அரை ஆள்' என்று பெயர்.

நிகிலனின் அம்மா சௌமியாவுக்கு இது மானப் பிரச்சினை. மருமகளைக் குணப்படுத்தாமல் விடுவதில்லை என்று கிளம்பிவிட்டாள். ஒரு ஆஸ்பத்திரியில் இரட்டை டோஸ் போட்டார்கள். சித்த வைத்தியர் மிளகும் திப்பிலியும் போட்டு ஒரு கஷாயம் கொடுத்தார். அதன் வாடைக்கே பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். ஒருத்தர் சின்ன வெங்காயச் சாற்றைக் கண்ணில் விடச் சொன்னார். ஒருத்தர் ஆந்தை இறகைத் தாயத்தில் வைத்துக் கட்டினார். துளசிமணி ஒன்றுக்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. கஷாயத்தை மூக்கைப் பிடித்துக் குடித்தாள், வெங்காயத்துக்குக் கண்ணைக் காட்டினாள், தாயத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஒன்பது மணிக்குப் படுத்து, ஆந்தை இறகோடு சுகமாகத் தூங்கினாள்.

வேடிக்கை என்னவென்றால், இதே வைத்தியர்களின் வாசலில்தான் ஒரு காலத்தில் தூக்கம் வரவில்லை என்று ஊரே வரிசை கட்டி நின்றது. அவர்களுக்குக் கசகசாப் பால், ஜாதிக்காய், தலைமாட்டில் மருதாணிப் பூ. வைத்தியர்கள் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டார்கள்.

மருந்தெல்லாம் தீர்ந்ததும் சாமிதான் மிச்சம். சௌமியா மகனையும் மருமகளையும் ஈஸ்வரன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவர்கள் போன நேரம் பள்ளியறை பூஜை. சாமியின் பாதுகையைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்குத் தூக்கிப் போனார்கள். நாயனக்காரர் தாலாட்டு ராகமான நீலாம்பரியை வாசித்தார். பாலும் பழமும் வைத்து, ஊஞ்சலை ஆட்டி, கதவைச் சாத்தினார் குருக்கள்.

"அர்ச்சனையெல்லாம் காலையிலதாம்மா. சாமி தூங்கப் போயாச்சு" என்றார்.

துளசிமணி மாமியாரைப் பார்த்தாள். "ஏனுங்கத்தே, சாமியே தூங்கப் போயிட்டாராம். அவருக்கு எந்த ஆஸ்பத்திரிங்க?"

சௌமியா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வாயைக் கழுவு. சாமி உலகத்துக்காகத் தூங்குது. நீ யாருக்காகத் தூங்கற?"

"எனக்காகத்தானுங்க" என்றாள் துளசிமணி.

அந்த நீலாம்பரியைக் கேட்டபோது நிகிலனுக்கு என்னவோ கண்ணில் நீர் வந்துவிட்டது. கற்பூரப் புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டான்.

அதுவரைக்கும் எல்லாம் ஓடியது. இதழினிக்கு ஆறு வயது ஆனபோதுதான் வினை வந்தது. ஆறு வயதில் பிள்ளைகளுக்கு முதல் ஊசி. அது இல்லாமல் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்க மாட்டார்கள். பள்ளிக்கூடமும் இரண்டு ஷிப்ட் ஆகிவிட்டதே. தலைமையாசிரியை போன் மேல் போன் போட்டாள்.

"அப்பா, ஊசி போட்டா அம்மாகூடப் படுக்கக் கூடாதா?" என்று இதழினி கேட்டாள்.

"படுக்கலாம் கண்ணு. தூக்கம்தான் வராது."

"அப்ப அம்மா தூங்கறப்ப நான் என்ன பண்றது?"

நிகிலன் யோசித்துப் பார்த்தான். "ஹோம்வொர்க் பண்ணு."

இதழினி அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

துளசிமணி ஒரே வார்த்தையில் முடித்தாள். "போட மாட்டேன்." அதுவரை கஷாயத்துக்கும் வெங்காயத்துக்கும் தலையாட்டிய அதே துளசிமணி. நிகிலன் கெஞ்சினான், மிரட்டினான். அவள் அசையவில்லை. "ஆறு வயசு வரைக்கும் நல்லாத் தூங்கின புள்ளை. அவளுக்கு என்ன நோவுன்னு ஊசி போடறீங்க? வேண்டாமுங்க."

ஊசிக்கு அப்பா, அம்மா இரண்டு பேரின் சம்மதமும் வேண்டும். இந்த இடத்தில்தான் சௌமியாவுக்கு ஒரு யோசனை வந்தது. தெருவில் ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். அம்மாவுக்குத் தூக்க நோய் என்று சர்க்கார் டாக்டர் சொல்லிவிட்டால் போதுமாம், அப்புறம் பிள்ளை விஷயத்தில் அவள் பேச்சு செல்லாது. அப்பா ஒருத்தன் சம்மதித்தால் ஊசி போட்டுவிடலாம். இப்போது ரத்தத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிற பரிசோதனைகூட வந்திருக்கிறதாம்.

"அவ நோயாளிதானடா? இல்லாததைச் சொல்லச் சொல்லலியே" என்றாள் சௌமியா.

பொய் சொல்லச் சொன்னால் நிகிலன் மறுத்திருப்பான். உண்மையைச் சொல்லச் சொல்லும்போது என்ன செய்வது? ஒரு நல்ல மனுஷன் கெட்ட காரியம் செய்வதற்கு இதைவிட வசதியான வழி கிடையாது. "புதுசா ஒரு டாக்டரம்மா வந்திருக்காங்க, இன்னொரு தடவை காட்டிப் பாக்கலாம்" என்று பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் தட்டாமல் கிளம்பினாள். ரத்தம் கொடுத்து வந்து ஒரு வாரம் கழித்து, முடிவு கேட்பதற்காகக் குடும்பத்தோடு மறுபடியும் போனார்கள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். சர்க்கார் ஆஸ்பத்திரி ஹாலில் கூட்டம். கார் சவாரியிலேயே சொக்கிப்போயிருந்த இதழினியைச் சௌமியா வெளியே பெஞ்சில் தன்னோடு வைத்துக்கொண்டாள். நிகிலனும் துளசிமணியும் உள்ளே போனார்கள்.

டாக்டர் தன்யஸ்ரீக்கு ஐம்பது வயது இருக்கும். முன்னால் இருந்த திரையைப் பார்த்தாள், துளசிமணியைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"யார் இவங்களுக்கு மருந்து பிடிக்கலைன்னு சொன்னது?"

"கம்பெனி டாக்டருங்க. அப்புறம் நாங்களே தெனமும் பாக்கறமுங்களே. ஒம்பது மணிக்குப் படுத்தா இடி விழுந்தாலும் தெரியாது" என்றான் நிகிலன்.

"மருந்து நல்லாவே பிடிச்சிருக்கு. சொல்லப்போனா, உங்க உடம்பில இருக்கிறதைவிட ரெண்டு மடங்கு இருக்கு. இவங்க உடம்புக்குத் தூக்கம் தேவையே இல்லை."

நிகிலனுக்குப் புரியவில்லை. "அப்புறம் எப்படிங்க தூங்கறா?"

"அதை அவங்களையே கேளுங்க."

துளசிமணி சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். முகத்தில் மாட்டிக்கொண்ட களை கொஞ்சமும் இல்லை. "படுத்தனுங்க. கண்ணை மூடினனுங்க. கொஞ்ச நேரம் பொறுமையா இருந்தேன். வந்திருச்சுங்க" என்றாள்.

நிகிலன் டாக்டரைப் பார்த்தான்.

"அவங்க சொல்றது சரி" என்றாள் டாக்டர். "ஊசி தூக்கத்தோட தேவையைத்தான் எடுக்குது. தூங்கத் தெரிஞ்சதை எடுக்கறதில்லை. பசி இல்லாட்டியும் பாயசம் வந்தா சாப்பிடறோமே, அது மாதிரி. சின்ன வயசில தூங்கிப் பழகின யார் வேணும்னாலும் இன்னிக்கும் தூங்கலாம். நீங்களும் தூங்கலாம், நானும் தூங்கலாம்."

"அப்புறம் ஏங்க ஒருத்தரும் தூங்கல?"

"யாரு படுத்துப் பாத்தா? எந்த ஷிப்ட்ல படுக்கிறது? தேவையில்லைன்னு சொன்னாங்க, முடியாதுன்னு நாமளே நினைச்சுக்கிட்டோம்."

நிகிலனுக்கு மெல்லத்தான் கோபம் வந்தது. வந்தது பெரிதாகவே வந்தது. இவள் பங்கு ஷிப்டையும் சேர்த்து ஈடுகட்ட எத்தனை ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் கிடந்திருப்பான்! எத்தனை வைத்தியன் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றிருப்பான்!

"அப்ப இத்தனை வருசமா நடிச்சயா? அந்தக் கஷாயத்தை எல்லாம்..."

"குடிச்சேன். குடிச்சுட்டுத் தூங்கினேன்."

"என்றகிட்டச் சொல்லோணும்னு ஒரு நாள்கூடத் தோணலியா உனக்கு?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா? நோவுன்னு நெனச்சதனாலதான் விட்டீங்க. ஆசையாத் தூங்கறான்னு தெரிஞ்சிருந்தா, அடுத்த நாளே ரெண்டாவது ஷிப்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க." அவள் குரல் உயரவில்லை. "நான் மாசமா இருந்தப்ப ஒரு நாள் பேசினீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? என்னையும் என்ற அப்பாவையும் சேர்த்து."

நிகிலனுக்கு ஞாபகம் இருந்தது. ஊரில் யாருக்குத்தான் எதுதான் மறந்தது? சமையல்கட்டில் நின்றுகொண்டு, வாயில் வரக்கூடாததெல்லாம் வந்த நாள் அது.

"அன்னிக்குப் பொட்டியைக் கட்டி வெச்சுட்டேன். விடிஞ்சதும் பஸ் ஏறிப் போயிரலாம்னு. கோபத்துல உங்க மூஞ்சியைப் பாக்கப் புடிக்காம செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தனுங்க. புடிவாதமாக் கண்ணை மூடினேன். எப்பத் தூங்கினேன்னு தெரியல. எந்திரிச்சுப் பாத்தா வெய்யல் வந்திருச்சு. நீங்க சொன்னது எல்லாம் ஞாபகம் இருந்துச்சு, ஆனா குத்தல. பொட்டியைப் பிரிச்சு வெச்சுட்டு உங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். நீங்க நேத்துச் சண்டையை அப்பவும் போட்டுட்டே இருந்தீங்க. அதுக்கப்புறம்தான் கம்பெனி டாக்டர் முன்னால வேணும்னே கொட்டாவி விட்டனுங்க." துளசிமணி புருஷனை நேராகப் பார்த்தாள். "அந்தத் தூக்கம் இல்லைன்னா நான் இங்க இல்லீங்க. நம்ம தெருவுல பாதிப் பேர் மாதிரி நாமளும் ஆளுக்கொரு பக்கம் இருந்திருப்போம். அதை விட்டுக் கொடுக்கச் சொன்னா எப்படிங்க?"

நிகிலனின் கோபம் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதைத் தூக்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

டாக்டர் தொண்டையைச் செருமினாள். "உங்க குழந்தைக்கு ஆறு வயசு, இல்லையா? ஒண்ணு சொல்றேன். இதை டாக்டரா சொல்லலை. என் பையனுக்கு முதல் வருஷமே ஊசி போட்டேன். அப்பப் பெருமையா இருந்தது. அப்ப அவனுக்கு ரெண்டு வயசுதான், டாக்டர் வீட்டுப் பிள்ளைன்னு சலுகையில போட்டது. இப்பப் பதினாலு ஆச்சு. போன மாசம் எனக்கு என்னவோ தோணுச்சு, பக்கத்தில வந்து படுடான்னேன். படுத்தான். கண்ணை மூடுடான்னேன். மூடினான். கொஞ்ச நேரம் கழிச்சு, 'அம்மா, மூடிட்டேன். அடுத்து என்ன பண்ணணும்?'னு கேட்டான்."

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"எனக்குச் சொல்லத் தெரியலை. பெரிசான பிறகு ஊசி போட்டவங்களுக்கு வழி ஞாபகம் இருக்கு. சின்னதிலேயே போட்டா வழியே தெரியாம போயிடுது. இதை மேலே எழுதி அனுப்பினேன். இதுவரைக்கும் பதில் இல்லை."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரியத்துக்கு வந்தாள். "இப்ப நான் ஒரு முடிவு பதிவு பண்ணியாகணும். இவங்க நோயாளின்னு போட்டா ஒரு ஷிப்ட் வேலை அப்படியே இருக்கும். ஆனா குழந்தை விஷயத்தில இவங்க பேச்சு எடுபடாது. ஆரோக்கியமானவங்கன்னு போட்டா இவங்க சம்மதம் இல்லாம யாரும் ஊசியைக் கிட்டக் கொண்டு வர முடியாது. ஆனா அடுத்த நிமிஷமே கம்பெனிக்குத் தகவல் போயிடும். இன்னிக்கே ரெண்டாவது ஷிப்டுக்குக் கூப்பிடுவாங்க. போகலைன்னா வேலை இல்லை. பரிசோதனை ஒண்ணு சொல்லுது. கொட்டாவியைப் பாத்து எழுதின பழைய சர்ட்டிபிகேட் இன்னொண்ணு சொல்லுது. எதைப் போடட்டும்?"

டாக்டர் இதை நிகிலனைப் பார்த்துத்தான் கேட்டாள். அவன் இதற்காகத்தானே வந்தான்? 'நோயாளி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வேலை போகாது, இதழினிக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கும், அம்மா வாய் மூடும். அவன் துளசிமணியின் பக்கம் திரும்பினான்.

"ஏனுங்க டாக்டரே, உடம்பு என்னுது, கேள்வி அவருக்குங்களா?" என்றாள் துளசிமணி. "நல்லாருக்கறேன்னு போடுங்க. எனக்கு ஒரு நோவும் இல்லை. தூங்கினேன், இனியும் தூங்குவேன். ஒளிஞ்சு தூங்கினது போதும். வேலையை விட்டு நிறுத்தினா நிறுத்தட்டும், எதுக்கு நிறுத்தினாங்கன்னு கேக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவேன்."

டாக்டர் திரையைத் தொட்டாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டவள் நிலைப்படியிலேயே தயங்கினாள். "என் பையனை ஒரு நாள் உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்டாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"கூட்டிட்டு வாங்க. ஒம்பதுக்குள்ள வந்திருங்க. நான் யாருக்காகவும் முழிச்சிருக்க மாட்டேன்" என்றாள் துளசிமணி.

வெளியே ஹாலுக்கு வந்தால் அங்கே ஒரு கூட்டம் கூடி நின்றது. நிகிலன் ஆட்களை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தான்.

பெஞ்சில் இதழினி தூங்கிக்கொண்டிருந்தாள். பாட்டி மடியில் தலை, வாய் லேசாகத் திறந்திருந்தது, ஒரு கால் பெஞ்சுக்கு வெளியே தொங்கியது. பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு பிள்ளை பட்டப்பகலில் நாலு பேர் முன்னால் தூங்குவதை அங்கே யாரும் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பனியன் கம்பெனிச் சீருடையில் ஒரு பெண், கையில் கட்டுப் போட்ட ஒரு டிரைவர், மருந்துக் கவுண்டர்காரர், எல்லாரும் வைத்த கண் வாங்காமல் நின்றார்கள். செக்யூரிட்டி டிவியை அணைத்திருந்தார். சௌமியாவுக்கு மடி மரத்துப் போயிருக்க வேண்டும், முகம் அப்படிச் சுளித்திருந்தது. ஆனாலும் அவள் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து நிகிலனின் போன் அலறியது. கூட்டமே திரும்பி அவனை முறைத்தது. சௌமியா உதட்டில் விரலை வைத்து, "சனியனே, மெதுவா" என்றாள்.

கம்பெனி சூப்பர்வைசர்தான். நிகிலன் போனைக் காதில் வைத்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"நிகிலா, உன்ற சம்சாரத்துக்கு ஒண்ணுமில்லைன்னு தகவல் வந்திருக்குது. நாலு மணி ஷிப்டுக்கு ரெண்டு பேரும் வந்து சேருங்க. ஏற்றுமதி ஆர்டர் நிக்குது."

"வர முடியாதுங்க" என்றான் நிகிலன்.

துளசிமணி திரும்பிப் பார்த்தாள்.

"என்னது? ஏன் குசுகுசுன்னு பேசற? உடம்பு சரியில்லையா உனக்கு?"

"உடம்பு நல்லாத்தான் இருக்குதுங்க. பாப்பா தூங்கறா. அவ எந்திரிச்சப்புறம்தான் நாங்க இங்கிருந்து நகருவோம்."

"எப்ப எந்திரிப்பா?"

நிகிலன் மகளைப் பார்த்தான். மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற யாரும் நகரவில்லை.

"தெரியலீங்க. நாங்க எழுப்ப மாட்டோம்" என்றான்.